கப்பலோட்டிய தமிழர்கள்: ஒருமையில் சொல்லப்பட்ட ஒரு பன்மைக் கதை

திசையன்விளையிலிருந்து பேசுகிறேன். இது எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் வந்த இழுவையை வெட்டியிருக்கிறேன், மற்றபடி பேசியது பேசியபடிதான்.

ஐடி கம்பெனியில் வேலை பார்க்கிற நாம் எல்லாரும் உண்மையில் ஒரு கப்பலில்தான் வேலை பார்க்கிறோம். நம்பலைன்னா சொற்களைப் பாருங்க. சேர்ந்த முதல் நாள் 'ஆன்போர்டிங்', அதாவது கப்பலில் ஏற்றுவது. மூணு மாசத்துக்கு ஒருமுறை சிஇஓ எல்லாரையும் கூப்பிட்டுப் பேசுவது 'ஆல் ஹேண்ட்ஸ்'. கப்பலில் புயலோ சண்டையோ வந்தால் தூங்குகிறவன் உட்பட எல்லா மாலுமிகளும் மேல்தளத்துக்கு வரணும் என்ற உத்தரவு அது. கோட் எழுதி முடித்து வெளியே விட்டால் 'ஷிப் பண்ணிட்டோம்' என்கிறோம். பிழை எங்கே என்று தேட 'லாக்' பார்க்கிறோம். அந்தக் காலத்தில் கப்பலின் வேகத்தை அளக்கக் கயிற்றில் கட்டிக் கடலில் போட்ட மரக்கட்டைதான் லாக். அந்த அளவை எழுதி வைத்த புத்தகம் லாக் புத்தகம் ஆனது, அதிலிருந்து நம்ம லாக் ஃபைல். டாக்கர் என்றால் துறைமுகத் தொழிலாளி. குபெர்னெட்டீஸ் என்றால் கிரேக்க மொழியில் சுக்கான் பிடிக்கிறவர்.

சேர்ந்து வேலை செய்வது, தனியாகப் போவது பற்றிய இங்கிலீஷ் சொலவடைகளிலும் இதே உப்புக்காற்றுதான். உன் பங்கு வேலையை ஒழுங்காகச் செய் என்பதற்கு 'புல் யுவர் வெய்ட்'. துடுப்புப் படகில் உட்கார்ந்திருக்கிறவன் தன் உடம்பு எடைக்காவது துடுப்பு வலிக்கணும், இல்லைன்னா அவன் வெறும் சுமை. மீட்டிங்கில் எதிர்க்கேள்வி கேட்டால் 'டோன்ட் ராக் த போட்'. கம்பெனி மாறினால் 'ஜம்ப் ஷிப்'. யாரையும் நம்பாமல் தன் வழியில் போகிறவனுக்கு 'பேடில் யுவர் ஓன் கனூ'. பிரிட்டிஷ் கடற்படையில் கேப்டனாக இருந்து நாவலாசிரியரான ஃப்ரெட்ரிக் மாரியட் 1844-லேயே ஒரு நாவலில் இதைப் பயன்படுத்தியிருக்கிறார்.

இதில் ராஜா 'வி ஆர் ஆல் இன் த சேம் போட்' தான். இது இங்கிலீஷைவிடப் பழசு. ரோமாபுரியின் சிசரோ ஒரு கடிதத்தில், நீ எங்கே இருந்தாலும் ஒரே கப்பலில்தான் இருக்கிறாய் என்ற பொருளில் எழுதியிருக்கிறார். இன்றைக்கு அது தமிழ் மேடையிலும் டிவி விவாதத்திலும் 'நாம் எல்லோரும் ஒரே படகில் பயணிக்கிறோம்' என்று ஓடுகிறது. அதன் பிறப்புச் சான்றிதழ் நம்மூர் இல்லை.

அப்போ நம்மூர்ச் சொல் என்ன?

தேரும் தோப்பும் ஆறும்

நம் சொலவடைகள் பெரும்பாலும் கரையில் பிறந்தவை. ஊர் கூடித்தான் தேர் இழுக்கணும். தனி மரம் தோப்பாகாது. ஒரு கை தட்டினால் ஓசை வராது. கூடி வாழ்ந்தால் கோடி நன்மை. தோள் கொடுக்கிறோம், கை கொடுக்கிறோம்.

தண்ணீர் வருகிற இடத்திலும் அது பெரும்பாலும் ஆற்றுத் தண்ணீர். தாமிரபரணிக் கரையில் வளர்ந்த மொழியில் இது ஆச்சரியம் இல்லை. மகளுக்குக் கல்யாணம் முடிந்தால் 'கரை சேர்த்தாச்சு'. கூட வந்தவன் பாதியில் கழன்றுகொண்டால் 'நட்டாத்துல விட்டுட்டான்'.

இந்த ரெண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்க. 'ஒரே படகு' என்பது நாம் இப்போது எங்கே இருக்கிறோம் என்று மட்டும் சொல்கிறது. 'நட்டாற்றில் விடுவது' என்பது ஒருவன் இன்னொருவனுக்கு என்ன செய்தான் என்று சொல்கிறது. முதலாவதில் யார் மேலும் குற்றம் இல்லை. ரெண்டாவதில் எழுவாய் உண்டு, ஒரு ஆள் மாட்டுவான். இந்த வித்தியாசத்தை மறந்துவிடாதீங்க, கதை முழுக்க இது தேவைப்படும்.

'நம்ம ஆட்கள் கடலுக்கே போகலையா?' என்று நீங்க கேட்கலாம். நல்லாவே போனார்கள். திசையன்விளைக்குப் பக்கத்தில் உவரி. அங்கே கட்டுமரம் ஓட்டிய பரம்பரை இருக்கிறது. கட்டு மரம் என்றால் கட்டப்பட்ட மரம், தனித்தனிக் கட்டைகளைக் கயிறு போட்டு ஒன்றாக்கியது. அந்தச் சொல்லையே இங்கிலீஷ்காரன் எடுத்துக்கொண்டான். வில்லியம் டாம்பியர் என்ற கடலோடி 1697-ல் வெளியிட்ட தன் பயணப் புத்தகத்தில் சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். சேர்ந்திருப்பதற்குக் கப்பல் சொற்களாக வைத்திருக்கிற மொழிக்கு, 'சேர்த்துக் கட்டியது' என்றே பெயர் வைத்த ஒரு கலத்தைக் கொடுத்தது நம் கரைதான்.

கடற்கரையில் இன்னொரு சொல்லும் இருக்கிறது: பங்கு. பிடித்த மீனை ஏலம் விட்டு, செலவைக் கழித்து, மீதியைப் பங்கு வைப்பார்கள். ஆளுக்கு இவ்வளவு, படகுக்கு இவ்வளவு, வலைக்கு இவ்வளவு. மீன் படவில்லை என்றால் எல்லாருக்கும் வெறும் கை. 'ஒரே படகு' என்ற வசனம் அங்கே யாருக்கும் தேவைப்படவில்லை, கணக்கே அதைச் சொல்லிவிடுகிறது.

இந்தப் 'பங்கு' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு இப்படியே கரையோரமாக வடக்கே தூத்துக்குடிக்குப் போவோம். வருஷம் 1906.

25 ரூபாய்க்கு ஒரு கப்பலில் பங்கு

தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நடுவே அன்றைக்கு ஆளும் சரக்கும் ஏற்றிப்போன பெரிய கம்பெனி, பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன். சுருக்கமாக பி.ஐ. கம்பெனி. நம் பக்கத்து வியாபாரிகளுக்குக் கொழும்பு என்பது அடுத்த தெரு மாதிரி. அந்தத் தெருவுக்குப் போகிற கதவின் சாவி பி.ஐ. கையில்.

வ.உ. சிதம்பரம் பிள்ளை 1872-ல் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தவர், வக்கீல். அவரும் தூத்துக்குடி வியாபாரிகளும் சேர்ந்து 1906 அக்டோபர் 16-ல் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார்கள். மூலதனம் 10 லட்சம் ரூபாய். அதை ஒரு பங்கு 25 ரூபாய் என்று 40,000 பங்குகளாகப் பிரித்தார்கள். ஆசியாக்காரர்கள் மட்டும்தான் வாங்கலாம். தலைவர் பாண்டித்துரைத் தேவர், மதுரையில் 1901-ல் தமிழ்ச் சங்கம் வைத்தவர். 8,000 பங்குகளை, அதாவது 2 லட்சம் ரூபாய்க்கு, ஹாஜி முகமது பக்கீர் சேட் என்ற வியாபாரி வாங்கினார். வ.உ.சி. உதவிச் செயலாளர்.

இதை இன்றைய கண்ணோடு பார்த்தால், கூட்டத்திடம் பணம் திரட்டித் தொடங்கின ஒரு ஸ்டார்ட்அப். ஆனால் போட்டியாளர் ஒரு சாம்ராஜ்யத்தின் கப்பல் கம்பெனி.

முதலில் இவர்களிடம் சொந்தக் கப்பல் கிடையாது. பம்பாய்க் கம்பெனி ஒன்றிடம் வாடகைக்கு எடுத்தார்கள். பி.ஐ. நெருக்கடி கொடுத்தது, வாடகை ஒப்பந்தம் போச்சு. இலங்கையிலிருந்து வேறு கப்பலை எடுத்துச் சமாளித்தார்கள். அடுத்தவன் கொடுத்ததை அடுத்தவன் எப்போது வேண்டுமானாலும் பிடுங்குவான் என்று புரிந்து, சொந்தக் கப்பல் வாங்க வ.உ.சி. வடக்கே போனார். 1907-ல் எஸ்.எஸ். காலியா வந்தது, பிறகு எஸ்.எஸ். லாவோ.

இதுவரைக்கும் 'ஒரே படகு' என்பது வெறும் உவமை இல்லை. நிஜமாகவே படகு இருக்கிறது, நிஜமாகவே பங்குப் பத்திரம் இருக்கிறது. ஆனால் கப்பலை மிதக்க வைத்தது பங்குதாரர் மட்டும் இல்லை. சரக்கை இதில்தான் ஏற்றுவேன் என்று சொல்லவேண்டிய வியாபாரி, டிக்கெட் எடுக்கவேண்டிய பயணி, மூட்டை தூக்கும் துறைமுகத் தொழிலாளி, எல்லாரும் வேணும். இவர்களில் பலரிடம் ஒரு பங்குப் பத்திரம்கூட இல்லை. 25 ரூபாய் அன்றைக்குக் கூலிக்காரனுக்குச் சின்னக் காசா என்ன?

ஓசிக் கப்பலும் ஒரு குடையும்

பி.ஐ. கம்பெனி திருப்பி அடித்த விதம் ரொம்ப எளிது. கட்டணத்தைக் குறைத்தார்கள். ஒரு ஆளுக்கு ஒரு ரூபாய், அதாவது 16 அணா. சுதேசிக் கம்பெனி 8 அணா என்றது. உடனே பி.ஐ. கட்டணமே வேண்டாம், ஏறு, கூடவே ஒரு குடையும் இலவசம் என்றதாகச் சொல்லப்படுகிறது.

இன்றைக்கு ஆப் கம்பெனிகள் முதலீட்டாளர் பணத்தில் தள்ளுபடி கொடுத்து, பக்கத்துக்கடை அண்ணாச்சியை மூச்சுத் திணற வைப்பதைப் பார்த்திருக்கிறோம். அதே ஆட்டம்தான். யாரிடம் ரொம்ப நாள் நஷ்டம் தாங்குகிற பை இருக்கிறதோ அவன் ஜெயிப்பான்.

இது இந்தியாவில் முதல் தடவையும் இல்லை. 1884 வாக்கில் வங்காளத்தில் ரவீந்திரநாத் தாகூரின் அண்ணன் ஜோதிரிந்திரநாத், குல்னாவுக்கும் பரிசாலுக்கும் நடுவே சொந்தமாக நீராவிப் படகு விட்டார். எதிரே ஃப்ளோட்டில்லா என்ற ஐரோப்பியக் கம்பெனி. கட்டணப் போட்டி முற்றி, பயணிகள் காசு கொடுக்காமல் ஏறியதோடு பலகாரமும் சாப்பிட்டுப் போனதாக ரவீந்திரநாத் தன் நினைவுக் குறிப்புகளில் கேலியும் வருத்தமுமாக எழுதியிருக்கிறார். கடைசியில் 'சுதேசி' என்றே பெயர் வைத்த அவருடைய ஒரு கப்பல் ஹவுரா பாலத்தில் மோதி முழுகியது. தொழில் அதோடு முடிந்தது.

ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. ஜோதிரிந்திரநாத் தனியாகத் துடுப்பு வலித்தார், நஷ்டம் ஒரு வீட்டுக் கஜானாவிலிருந்து போனது. அவரை முடிக்க ஓசிப் பயணமும் பலகாரமும் ஒரு விபத்தும் போதுமாக இருந்தன. தூத்துக்குடிக் கம்பெனியில் நஷ்டம் பல தோளில் விழுந்தது. கப்பல் காலியாக ஓடின நாட்களிலும் கம்பெனி உடனே விழவில்லை. அதைச் சாய்க்கக் குடை மட்டும் போதவில்லை, இந்திய தண்டனைச் சட்டமும் வரவேண்டியிருந்தது.

இன்னொன்றும் சொல்லணும். ஓசிக் கப்பலில் ஏறினவரைத் திட்டுவது சுலபம். பொருளாதாரத்தில் 'ஃப்ரீ ரைடர்' என்பார்கள், இங்கே அது அச்சு அசலாக ஓசிப் பயணி. ஆனால் கொழும்பில் கூலிக்கோ கடைச் சிப்பந்தி வேலைக்கோ போகிற ஒருவருக்கு 8 அணா என்பது வீட்டில் ஒரு வேளை உலை. தியாகத்தைக் கேட்கும்போது யாரிடம் எவ்வளவு கேட்கிறோம் என்ற கணக்கு வேணும். எல்லாருக்கும் ஒரே அளவு என்பது பார்க்க நியாயம்தான், ஆனால் இல்லாதவனுக்கு அது பெரிய பாரம்.

ஊர் கூடிய பதினைந்து நாள்

1908 பிப்ரவரிக்கு வருவோம். தூத்துக்குடியில் ஹார்வி குடும்பத்தாரின் கோரல் மில். ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள். கூலி கம்மி, வேலை நேரம் நீளம், வாராந்திர லீவு கிடையாது. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கூட்டம் போட்டுப் பேசினார்கள். பிப்ரவரி 27-ல் தொழிலாளர்கள் மில்லை விட்டு வெளியே வந்தார்கள்.

இந்தியாவில் தொழிற்சங்கச் சட்டம் வந்தது 1926-ல். சென்னையில் முதல் தொழிற்சங்கமான மதராஸ் தொழிலாளர் சங்கம் தொடங்கினது 1918-ல். அதற்கும் 10 வருஷம் முன்பு, சங்கம் இல்லாமல், சட்டப் பாதுகாப்பு இல்லாமல், கையில் சேமிப்பு இல்லாமல் இவர்கள் நின்றார்கள். எப்படி நிற்க முடிந்தது? ஊர் சோறு போட்டது. வ.உ.சி. நிதி திரட்டினார், வேறு வேலை பார்த்துக் கொடுக்கச் சொன்னார்.

தூத்துக்குடியில் ஒரு கதை சொல்வார்கள். ஒரு வக்கீல் சவரத்துக்கு உட்கார்ந்திருக்கிறார். பேச்சுவாக்கில் வேலைநிறுத்தத்தைக் குறை சொல்லிவிட்டார். சவரத் தொழிலாளி பாதி முகத்தோடு கத்தியை மடக்கி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாராம். இந்தக் கதையில் பங்குதாரர் யாரும் இல்லை, மேடைப் பேச்சாளர் யாரும் இல்லை. அன்றைய கூலி போனாலும் பரவாயில்லை என்ற ஒரு மனுஷன் மட்டும்.

ஒன்பது நாளில் மில் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது, வார விடுமுறை கிடைத்தது. ஜெயித்துவிட்டார்கள்.

அடுத்த வாரமே மறு அடி விழுந்தது. மார்ச் 12-ல் வ.உ.சி., சிவா எல்லாரையும் கைது செய்தார்கள். மறுநாள் திருநெல்வேலியில் கடை அடைப்பு, ஊர்வலம். நகராட்சி அலுவலகம், தபால் ஆபீஸ், போலீஸ் ஸ்டேஷன் தீப்பிடித்தன. துப்பாக்கிச் சூட்டில் 4 பேர் செத்தார்கள். தூத்துக்குடியில் கோரல் மில் தொழிலாளர்கள் திரும்பவும் வேலையை நிறுத்தினார்கள். இந்தமுறை கூலிக்காக இல்லை, தங்களுக்காகப் பேசினவருக்காக.

அந்த 4 பேருடைய பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? வ.உ.சி.க்குச் சிலை இருக்கிறது, 2011-லிருந்து துறைமுகத்துக்கே அவர் பெயர். நல்ல விஷயம், வேணும். ஆனால் அந்த 4 பேர் வெறும் ஒரு எண்ணாக நிற்கிறார்கள்.

தனியாக

1908 ஜூலை 7-ல் நீதிபதி பின்ஹே தீர்ப்புச் சொன்னார். வ.உ.சி.க்கு ரெட்டை ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டில் குறைந்தது. கோயம்புத்தூர் சிறையில் செக்கு இழுத்தார், பிறகு கண்ணனூர் சிறை.

சிறைக்காலத்தில் அவர் செய்த ஒரு வேலை என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. ஜேம்ஸ் ஆலன் என்ற இங்கிலீஷ் எழுத்தாளரைத் தமிழில் மொழிபெயர்த்தார். 'மனம்போல வாழ்வு', 'அகமே புறம்' இந்த வரிசையில் வந்த புத்தகங்கள். உன் மனசு எப்படியோ அப்படியே உன் வாழ்க்கை என்கிற, தனிமனிதனை மையமாக வைத்த சிந்தனை. 40,000 பங்கு, ஆயிரம் தொழிலாளி, ஒரு முழு ஊர் என்று பன்மையில் யோசித்த மனுஷன், நாலு சுவருக்குள் வந்ததும் ஒருமைக்கு வருகிறார். அவரிடம் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான், அதையும் தமிழுக்குக் கொடுத்தார்.

வெளியே 1911-ல் கம்பெனி கலைக்கப்பட்டது. கப்பல்கள் ஏலத்தில் எதிராளிகள் கைக்கே போயின.

1912 டிசம்பரில் விடுதலை. சிறை வாசலில் கூட்டம் இல்லை, சிவா மட்டும் காத்திருந்தார் என்ற காட்சி தமிழ்நாட்டுக்கே மனப்பாடம். இங்கேதான் எல்லாரும் அந்த வார்த்தையைச் சொல்வார்கள்: ஊர் அவரை நட்டாற்றில் விட்டுவிட்டது.

கொஞ்சம் பொறுங்க. 1908-க்கும் 1912-க்கும் நடுவே அந்த ஊருக்கு என்ன நடந்தது? கலவரத்துக்குத் தண்டனையாகக் கூடுதல் போலீஸ் நிறுத்தி, அந்தச் செலவை ஊர் ஜனங்கள் தலையிலேயே வரியாகக் கட்டினார்கள். பாரதியார் 1908-லேயே புதுச்சேரிக்குப் போய்விட்டார். 1911 ஜூன் 17-ல் மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டார். அதன் பிறகு மாவட்டம் முழுக்கத் தேடுதல், கைது, வழக்கு. வந்திருக்கக்கூடியவர்களில் சிலர் சிறையில், சிலர் தலைமறைவு, மற்றவர்கள் கண்காணிப்பில். போதாததற்கு வ.உ.சி.யையே திருநெல்வேலி மாவட்டத்துக்குள் திரும்பவிடவில்லை. வக்கீல் உரிமமும் பறிபோயிருந்தது.

அப்படிப் பார்த்தால் சிறை வாசலின் வெறுமை ஊரின் நன்றிகெட்டதனம் மட்டும் இல்லை. அதை நாலு வருஷமாகத் திட்டமிட்டு உண்டாக்கினார்கள். ஒரு கூட்டத்தை உடைக்கணும் என்றால் தலைவரைப் பிடித்தால் மட்டும் போதாது, சேர்ந்ததற்கான விலையை ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வசூலிக்கணும். அன்றைய நிர்வாகத்துக்கு அது தெரிந்திருந்தது. எழுவாயைத் தேடுகிற நம் சொலவடை, பெரும்பாலும் பக்கத்தில் நின்றவனைத்தான் பிடிக்கிறது. தண்ணியைத் திறந்துவிட்டவன் தப்பித்துவிடுகிறான்.

ஆனால் ஊருக்கு முழுசாக நற்சான்றும் கொடுக்க முடியாது. சென்னையில் அவர் சின்னச் சின்ன வியாபாரம் செய்து கஷ்டப்பட்டார். தென்னாப்பிரிக்காவில் இருந்த நம் ஆட்கள் அவருக்காகப் பணம் திரட்டிக் காந்தியிடம் கொடுத்திருந்தார்கள். அது கைக்கு வருவதற்குள் கடிதத்துக்கு மேல் கடிதம் போனது. 1915, 1916 வருஷத்துக் கடிதங்கள் அவை. தொகை 347 ரூபாய் 12 அணா. இந்த வரலாற்றைத் தோண்டி எடுத்தவர் ஆ.இரா. வேங்கடாசலபதி. காந்தி ஏமாற்றினார் என்று இதைத் திரிக்கக் கூடாது. யார் கொடுத்தார்கள், எவ்வளவு என்ற பட்டியல் சரியாகக் கைக்கு வராததால் இழுத்தது. கடல் கடந்த அன்பு இருந்தது, கணக்குப் புத்தகம் இல்லை. பசித்தவனுக்கு ரெண்டும் வேணும்.

பின்னாளில் வாலஸ் என்ற நீதிபதி அவருக்கு உரிமம் திரும்பக் கிடைக்க உதவினார். அந்த நன்றிக்கு மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார் வ.உ.சி. 1936 நவம்பர் 18-ல் தூத்துக்குடியிலேயே காலமானார்.

தமிழன், தமிழர்கள்

'கப்பலோட்டிய தமிழன்' என்பது ம.பொ. சிவஞானம் பரப்பிய பெயர். 1961-ல் பி.ஆர். பந்துலு எடுத்து சிவாஜி கணேசன் நடித்த படத்துக்கும் அதே பெயர். அருமையான பட்டம். ஆனால் இலக்கணத்தைக் கவனிங்க: தமிழன். ஒருமை.

அந்த ஒருமைக்குள் பாண்டித்துரைத் தேவர் காணாமல் போகிறார். 2 லட்சம் போட்ட பக்கீர் சேட் காணாமல் போகிறார். 25 ரூபாய்க்கு ஒரு பத்திரம் வாங்கின சின்னக் கடைக்காரர், கத்தியை மடக்கின சவரத் தொழிலாளி, செத்த 4 பேர், எல்லாரும். கதை ஒருமையில் இருந்தால் தோல்வியும் ஒருமையில் ஆகிவிடும். 'பாவம், பெரிய மனுஷன், கஷ்டப்பட்டார்' என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிடுவோம். ஒரு கூட்டு முயற்சியை எப்படி உடைத்தார்கள், அடுத்த தடவை எங்கே கயிறு இறுக்கணும் என்ற கேள்வி வராமலே போய்விடும்.

அடுத்த தடவை வந்தது. 1919 ஏப்ரல் 5-ல் சிந்தியா கம்பெனியின் எஸ்.எஸ். லாயல்டி பம்பாயிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்டது. அந்த நாளைத்தான் நாடு தேசியக் கடல்சார் தினமாகக் கொண்டாடுகிறது. சிந்தியாவும் கட்டணப் போரைச் சந்தித்தது, 1923-ல் பி.ஐ. பக்கத்தோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு பிழைத்தது. அது பெரிய முதலாளிகளின் பணம், ஆழமான பை. பிழைத்தவனுக்குத் தேசிய தினம், முழுகினவனுக்குத் துறைமுகத்தின் பெயர்.

முடிக்கும் முன் ஆற்றங்கரைக்குத் திரும்புவோம். ஆனி மாசம் நெல்லையப்பர் தேர். இன்னும் மனுஷர் கையாலேயே இழுக்கிற மிகப் பெரிய தேர்களில் ஒன்று. 2024-ல் வடம் அறுந்து, திரும்பவும் கட்டி, இழுத்து நிலைக்குக் கொண்டுவந்தார்கள். தேர்ச் சக்கரத்துக்கு அடியில் கட்டை போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? முட்டுக்கட்டை. பேச்சில் அது கெட்ட வார்த்தை ஆகிவிட்டது, வேலையைத் தடுக்கிறவன் என்று பொருள். நிஜத் தேரில் முட்டுக்கட்டை போடுகிறவர் இல்லைன்னா தேர் திரும்பாது, நிற்காது, வீட்டுக்குள் பாயும். ஆயிரம் பேர் இழுக்கிறபோது 'நில்லு' என்று சொல்ல ஒருவர் வேணும். நம் ஆபீஸ் மொழியில் அவரைத்தான் 'படகை ஆட்டாதே' என்று அதட்டுகிறோம்.

அதே 2024 ஆனியில், சிவகங்கை மாவட்டம் கண்டதேவியிலும் தேர் ஓடியது, பல வருஷம் நின்ற பிறகு, நீதிமன்ற உத்தரவோடும் போலீஸ் பாதுகாப்போடும். அங்கே பிரச்சினை வடத்தின் பலம் இல்லை. வடத்தை யார் தொடலாம் என்பது. பட்டியல் சாதி மக்களும் பிடிக்கலாமா என்ற ஒரு கேள்விக்காக 1998-லிருந்து தகராறு. 'ஊர் கூடித் தேர் இழு' என்று அவ்வளவு அழகாகச் சொல்கிற மொழியில், 'ஊர்' என்ற சொல்லுக்குள் சேரி இருந்ததில்லை. நம் சொலவடை இங்கிலீஷ் சொலவடையைவிட உசத்தி என்று மார்தட்டுகிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்லிவிட்டுத் தட்டணும்.

ஆக, படகோ தேரோ, இங்கிலீஷோ தமிழோ, 'நாம்' என்று யாராவது சொன்னால் நான் கேட்கக் கற்றுக்கொண்ட கேள்வி உவரிக் கரையிலிருந்து வந்தது: பங்கு எப்படி? லாபத்தில் யாருக்கு எவ்வளவு, மீன் படாத நாளில் யாருக்கு எவ்வளவு? இதற்குப் பதில் இருந்தால் அது படகு. இல்லைன்னா அது பிபிடி ஸ்லைடு.

அடுத்த ஆல் ஹேண்ட்ஸில் சிஇஓ 'ஒரே படகு' என்று தொடங்கினால், தூத்துக்குடியில் நிஜமாகவே அப்படி ஒரு கப்பல் ஓடினதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்க. அதை ஓட்டினது ஒரு தமிழன் இல்லை, தமிழர்கள்.

உங்க ஊர்ப் பக்கம் சேர்ந்து செய்வதற்கும் தனியாகப் போவதற்கும் என்ன சொலவடை சொல்வார்கள் என்று எழுதி அனுப்புங்க. வீட்டில் பெரியவர்களைக் கேட்டு எழுதினால் இன்னும் நல்லது. அடுத்த எபிசோடில் பார்ப்போம். வரட்டா.